ஃபியட் ஜன்னலுக்கு ரெக்ஸின் ஒட்டிய கதை

தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பன்னிரண்டு நாள் லீவில் கோலாலம்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். போவதற்கு முன்பே அப்பச்சி (அப்பா) போனில் சொல்லிவிட்டார்: "பொண்ணும் மாப்பிள்ளையும் நம்ம ஃபியட்லதான் கோயிலுக்குப் போகணும்." திருச்சியில் இறங்கி, காரைக்குடியைத் தாண்டி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே ஷெட்டைத் திறந்து பார்த்தேன்.

78 மாடல் பிரீமியர் பத்மினி. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பத்மினி என்று கூப்பிட்டதில்லை. ஐயா (தாத்தா) வாங்கிய நாளிலிருந்து ஃபியட்தான். அதன் ஆர்.சி. புத்தகத்தில் ராமநாதபுரம் மாவட்டம் என்றிருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தானே.

எஞ்சினில் பெரிய தொந்தரவில்லை. புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழுவியதும் உள்ளூர் மெக்கானிக் தம்பிக்குக் கட்டுப்பட்டது. மானத்தை வாங்கியது ஜன்னல். வெயிலில் தகரம் முழங்கையைச் சுடுகிறது என்று, நாலு கதவிலும் கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்துக்கு ஐயா அந்தக் காலத்திலேயே கறுப்பு ரெக்ஸின் ஒட்டச் செய்திருந்தார். இப்போது தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ரெக்ஸினின் மேல்பூச்சு பி.வி.சி. பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பான பொருள். அதை வளைய வைக்க ஒரு எண்ணெய்ச் சரக்கைச் சேர்த்திருப்பார்கள். வெயில் பட்டுப் பட்டு அது கசிந்து போய்விட்டால் ரெக்ஸின் சுருங்கி, விறைத்து, வெடித்துவிடும்.

அவசரத்தில் நான் செய்த தப்பு, பக்கத்து டவுனில் பளபளவென்று இருந்த ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போனது. அரை நாளில் முடித்துவிட்டார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பழையதை உரிக்காமல் அதன் மேலேயே, அடியில் ஸ்பாஞ்சு வைத்த சோபா ரெக்ஸினை ஒட்டிக் கொடுத்தார்கள். மூலைகளில் சேலைக் கொசுவம் போல மடிப்பு. கதவைச் சாத்தத் தோளால் இடிக்க வேண்டியிருந்தது. 2,400 ரூபாய். மறுநாள் மத்தியானமே மூலை வாயைப் பிளந்தது. போன் செய்தால், "நாளைக்கு வாங்கண்ணே." அதற்கு மறுநாள் போனையே எடுக்கவில்லை.

பழைய சாமான் எதுவும் கிடைக்கும் என்று பெயர் பெற்ற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் ஒரு சுற்று வந்தேன். தேக்குத் தூண் இருக்கிறது, எனாமல் தூக்குச்சட்டி இருக்கிறது, யார் வீட்டுத் தாத்தா போட்டோவெல்லாம் கூட இருக்கிறது. ஃபியட் சாமான் இல்லை. போனதற்கு ஒரு எனாமல் தட்டு வாங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் மெக்கானிக் தம்பிதான், "சீட் தைக்கிற பாய்ட்ட போங்கண்ணே, இதை மொதல்லயே கேட்டிருக்கலாம்ல" என்றார். ஒரு வேப்ப மரம், தகரக் கொட்டகை, தையல் மிஷின். போர்டு கூடக் கிடையாது. அறுபது வயதைத் தாண்டிய பாய், கிழிந்திருந்த ரெக்ஸினைப் பார்க்கவே இல்லை. கதவின் அடியில் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி ஓரமாக ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். கீழே ஒரு சொட்டு வரவில்லை.

"தண்ணி எங்க போச்சு தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள சின்ன ஓட்டைகள் வழியே வெளியேற வேண்டும். அதில் மண்ணும் வேப்பிலையும் அடைத்துக்கொண்டிருந்தன. சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தியதும் காப்பித் தண்ணி நிறத்தில் கொட்டியது. ரெக்ஸினை உரித்துப் பார்த்தால், பின்கதவு ஒன்றில் சட்டத்தின் கீழ்மூலை முழுக்கத் துரு. "இதுக்கு மேல எதை ஒட்டினாலும் நிக்காது" என்றார்.

அன்றைக்கு உரிப்பதும் சுரண்டுவதும்தான். பழைய பசையைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தார். இரண்டாம் நாள் பெயிண்ட் காயட்டும் என்று சும்மா விட்டார். எனக்கு லீவு கரைகிறதே என்ற கவலை, அவருக்கு அது இல்லை.

மூன்றாம் நாள் காலையில்தான் ஒட்டினார். துணி முதுகு கொண்ட மெல்லிய ரெக்ஸின். அதைக் கொஞ்ச நேரம் வெயிலில் விரித்து வைத்தார், இளகுவதற்காக. பசையைத் தகரத்திலும் ரெக்ஸினிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை பீடி பிடித்தார். அந்தப் பசையை வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. அதனால் சட்டத்தின் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். மறந்தும் இழுக்கவில்லை. இழுத்து ஒட்டினால் அது பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும், மூலையில் முதலில் கழன்றுவிடுமாம். மூலை வந்ததும் பின்பக்கம் மடியும் பகுதியில் கத்தரியால் மூன்று சின்ன வெட்டு. பிறகு ஒரு கரண்டிக் காம்பால் நீவி நீவி உட்கார வைத்தார். முனைகளை ரப்பர் பீடிங்குக்கு அடியில் செருகிவிட்டதால் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியில் தினசரித் தாள் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்த்தார். லேசான பிடிப்போடு வந்தது. "ரொம்ப இறுக்கமும் கூடாது, தாள் தானா விழவும் கூடாது." நாலு கதவுக்கும் இதே சோதனை.

சாமானோடு சேர்த்து 3,200 ரூபாய். குறையும் உண்டு. பில் எதுவும் எழுதித் தர மாட்டார், ஜி.பே. கிடையாது, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போனால் சாயங்காலம்தான் ஆளைப் பிடிக்கலாம். லீவில் வருகிறவர்கள் ஊரில் இறங்கிய அன்றைக்கே அவரிடம் போய்விடுவது நல்லது. கடைசி மூன்று நாளில் போனால் வேலையை ஏற்க மாட்டார். வீட்டில் கல்யாணம் என்று சொன்னதால்தான் எனக்கு இசைந்தார்.

கிளம்பும்போது, "ஒரு வாரத்துக்கு இதுல டேப்பு கீப்பு ஒட்டிடாதீங்க" என்று மட்டும் சொன்னார். நான் அதை வீட்டில் சாதாரணமாகச் சொல்லி வைத்தேன். கல்யாணத்தன்று காலையில் பூ அலங்காரப் பையன் செலோடேப்பும் மல்லிகைச் சரமுமாக ஃபியட் பக்கம் வந்தான். அங்கே பின்கதவருகில் நாற்காலி போட்டு, கைத்தடியோடு அப்பச்சி உட்கார்ந்திருந்தார்.

"பானெட்ல என்ன வேணா பண்ணிக்க. இந்தப் பக்கம் வராத."