ஹூசா சீனக் கத்தி: இரும்பு அருமை, கூர் நாம்தான் வைக்க வேண்டும்

ரங்கூன் சீனர் தெருவிலும் தெய்ன்ஜீ சந்தையிலும் தொங்கும் அகலக் கத்திகளில் பல, தகட்டை எந்திரத்தில் வெட்டிப் பிடி மாட்டியவை. இங்கே சொல்வது காய்ச்சி அடித்த ரகம். மூசே எல்லைக்கு அப்பால், சீனாவின் யூனான் மாகாணத்துத் தெஹோங் வட்டாரத்தில், ஹூசா என்ற ஊரில் அச்சாங் இனக் கொல்லர்கள் அடிப்பது. மிங் அரச வம்சக் காலத்துப் படைகளிடமிருந்து வந்த தொழில் என்று அவர்கள் மரபு சொல்கிறது. 2006-இல் சீனாவின் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் அது இடம்பெற்றது.

கையில் இருக்கும் கத்தியின் அளவு: வாய் நீளம் 21 செ.மீ., அகலம் 10 செ.மீ., எடை கால் வீசை, அதாவது 410 கிராம். முதுகு பிடியருகே 3 மி.மீ., முனையில் ஒன்றரை மி.மீ. அடித்த கத்தியை அறிய இந்த இறக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். சுத்தியல் தழும்பை நம்பக் கூடாது, அதை அச்சிலும் குத்திவிடுகிறார்கள். முதுகு முழுக்க ஒரே தடிமன் என்றால் அது தகடு.

எஃகு லாரியின் வில்பட்டை வகை. துவைச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றும் கடினம், நன்றாக ஏறியிருக்கிறது: வாயில் சிறு அரத்தை வைத்து இழுத்தால் கடிக்காமல் வழுக்குகிறது. கடையிலேயே இன்னொன்றும் பாருங்கள். வாயைச் சமமான பலகையில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம். அந்தக் கத்தியில் வெங்காயத்தாள் அறுபடாமல் மாலையாகத் தொங்கும். அதை எடுக்காதீர்கள்.

தோற்றம் கறிக்கடைக் கத்தி போல இருந்தாலும் இது காய்க்கும் எலும்பில்லாக் கறிக்கும் மீனுக்குமான கத்தி. முருங்கைக்காய், வாழைத்தண்டு, இஞ்சி, உல்லம் மீனின் நெருக்கமான கீறல் எல்லாம் சுகமாக நடக்கும். கோழியை மூட்டில் பிரிக்கலாம். ஆட்டு எலும்பு, மீன்தலை, தேங்காய் வேண்டாம். மெல்லிய வாய் எலும்பில் சிக்கும்போது கை சற்றே திரும்பும், உடனே பிறை வடிவில் ஒரு சில்லு போய்விடும். அந்த வேலைக்கு முதுகு 5 மி.மீ.க்குக் குறையாத கனத்த கத்தி தனியே இருக்க வேண்டும். முதுகால் தேங்காய் உடைப்பதும் தப்பு, அந்த அதிர்ச்சி நேரே பிடிக்குள் போகிறது.

பெரிய குறை, கடையிலிருந்து வரும் கூர். கரடாக, இரு பக்கமும் வேறு வேறு சாய்வில் வருகிறது. 1000 எண் தண்ணீர்க்கல்லைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பக்கத்துக்கு 15 பாகை சாய்வு போதும். இவ்வளவு அகலமான கத்தியில் முதுகைக் கல்லிலிருந்து சுமார் இரண்டரை செ.மீ. உயர்த்தினால் அந்தச் சாய்வு கிடைத்துவிடும். பிடியிலிருந்து முனை வரை மறுபக்கம் பிசிர் (தேய்த்த இரும்பு மடங்கி நிற்கும் மெல்லிய விளிம்பு) விரலில் தட்டும்வரை தேய்த்து, பிறகு திருப்புங்கள். பிசிர் வராமல் பக்கம் மாற்றினால் எவ்வளவு தேய்த்தாலும் கூர் நிற்காது. கடைசியில் 3000 எண் கல்லில் லேசாக நான்கைந்து இழுப்பு. தெருச் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். உலர்ந்த சக்கரத்தில் வாய் சூடாகி நீலம் பூத்தால் துவைச்சல் போயிற்று, அந்த இடம் இனி மொக்கைதான். முதுகின் ஓரமும் பிடியருகே விரல் பதியும் குதிமுனையும் வெட்டுகிற மாதிரி இருக்கின்றன, 240 எண் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள்.

பலகை புளியமரக் கட்டையாக இருந்தால் நல்லது. நறுக்கியதை வாயால் வழிக்காமல் முதுகால் வழித்தால் கூர் கூடுதல் நாள் வரும்.

துரு பிடிக்கும். மே முதல் அக்டோபர் வரை ரங்கூன் காற்றே ஈரம், அலசி அப்படியே வைத்தால் ஒரே இரவில் செம்புள்ளி. வெட்டியதும் துடைத்து, சூடாகக் கழுவி, உலர்த்தி, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய் நாளாக ஆக இரும்பின் மேல் பிசுக்காகிவிடும். புதுசில் வெங்காயம் சாம்பல் நிறமாகும், வாழைப்பூ கறுக்கும். காயின் சாறும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான், அரிவாள்மணையிலும் அதே கதை. கத்தியில் நீலச்சாம்பல் படலம் ஏறியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்தப் படலத்தை நார் போட்டுத் தேய்த்து எடுக்காதீர்கள், துருவைத் தடுப்பதும் அதுதான். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் அடுத்த காய்க்குப் போகுமுன் துடைத்துவிடுங்கள்.

பிடியில்தான் வேலை பாதி நடந்திருக்கிறது. கத்தியின் வால் மரத்துக்குள் முழுதாக ஓடி, அடியில் மடித்து அடிக்கப்பட்டிருக்கிறது, உறுதியான முறை. ஆனால் இரும்புப் பூணுக்கும் மரத்துக்கும் நடுவே இடுக்கு விட்டிருக்கிறார்கள். மழையில் மரம் ஊதி அது மறைந்திருக்கும், டிசம்பர் வறட்சியில் சுருங்கி ஆடும். அதற்குள் இறங்கும் தண்ணீர் வாலைத் துருவேற்றி, துரு பருத்து, மரத்தை நீளவாக்கில் பிளக்கும். வாங்கிய அன்றே, நன்றாக உலர்ந்த நிலையில், அந்த இடுக்கில் உருக்கிய தேன்மெழுகை ஊற்றி அடைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஆடுகிறது என்றால் மெழுகு பிடிக்காது, அரால்டைட் பசை வைத்து ஒரு நாள் அசையாமல் விட வேண்டும்.