ஃபோட்டோஸ் நிரல்: அரிய மெசான் சிதைவுகளுக்கு எதுவரை போதும்?

மின்னேற்றம் கொண்ட துகள் பிறக்கும் சிதைவு எதுவானாலும் அதனுடன் ஃபோட்டானும் வெளிப்படலாம்; அதைச் சேர்க்காத உருவகப்படுத்தல் துல்லியமான தரவோடு ஒத்துப்போகாது. இந்தப் பணிக்கெனத் துகள் இயற்பியலாளர்கள் பரவலாகக் கையாளும் நிரல் ஃபோட்டோஸ். பார்பெரியோ, வான் ஐக், வோன்ஸ் ஆகிய மூவரும் 1991-இல் ஃபோர்ட்ரானில் வெளியிட்ட இதற்கு இப்போது சி பிளஸ் பிளஸ் வடிவமும் உண்டு. லேசான மெசான்களின் (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் இணைந்த, நிலைக்காத துகள்களின்) அரிய சிதைவுகளை ஆராய்பவருக்கு இது எந்த அளவுக்கு உதவும் என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

செயல்முறை எளிமையும் அழகும் உடையது. வேறொரு நிரல் உருவாக்கிய சிதைவு நிகழ்வை வாங்கிக்கொண்டு, அதில் ஃபோட்டான் எழும் நிகழ்தகவைக் கணித்து, எழுந்தால் மற்றத் துகள்களின் உந்தங்களை ஆற்றல் அழியா விதி பிசகாதபடி மாற்றித் தருகிறது. சிதைந்த மெசான் கேயானா, ஈட்டாவா, பையானா என்பது பொருட்டில்லை. மென் (ஆற்றல் குறைந்த) ஃபோட்டான்கள் பல சேர்ந்து எழுவதையும் பின்வந்த பதிப்புகள் கையாளுகின்றன. ஆனால் மொத்தச் சிதைவு வீதத்தை இது மாற்றுவதில்லை. நிகழ்வுகளை இடம் மாற்றி வைக்கிறதே தவிர, எண்ணிக்கையைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. அரிய சிதைவுகளில் இந்த வரம்புதான் முக்கியமாகிறது.

நடுநிலை பையான் எலெக்ட்ரான்-பாசிட்ரான் இணையாகச் சிதைவதை எடுத்துக்கொள்வோம். வெளியே வராமல் இடையில் மட்டும் தோன்றி மறையும் இரண்டு மெய்நிகர் ஃபோட்டான்கள் வழியாகவே நடக்க வேண்டியிருப்பதாலும், எலெக்ட்ரானின் சிறு நிறை அதை மேலும் ஒடுக்குவதாலும், இது பத்துக் கோடிச் சிதைவுகளில் ஆறேழு முறைதான் நிகழ்கிறது. ஃபெர்மிலேபின் கேடெவ் சோதனை 2007-இல் வெளியிட்ட மதிப்பு, பத்துக் கோடியில் 6.44. இது, இணையின் நிறை வர்க்கம் பையான் நிறை வர்க்கத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் உள்ள நிகழ்வுகளுக்கு மட்டும், அதாவது தப்பிய ஃபோட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 3.4 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்குள் அடங்கியவற்றுக்கு மட்டும் பொருந்தும். கோட்பாட்டாளர் பெர்க்ஸ்ட்ரோம் 1983-இல் கணித்த −13.8 விழுக்காட்டுக் கதிர்வீச்சுத் திருத்தத்தை (கூடுதல் ஃபோட்டான்களால் வீதத்தில் ஏற்படும் மாற்றத்தை) நீக்கியபோது அது 7.48 ஆகி, கோட்பாடு தந்த 6.23-இலிருந்து 3.3 திட்டவிலக்கம் விலகி நின்றது. பிறகு வாஷ்கோவும் நோவோட்னியும் இரண்டு-வளையக் கணக்கை (இரண்டு மெய்நிகர்ச் சுற்றுகள் கொண்ட அடுத்த படிக் கணக்கை) முழுமையாகச் செய்ய, ஹூசெக், காம்ப், நோவோட்னி ஆகியோர் ஃபோட்டான் உமிழ்வையும் முழுமையாகச் சேர்த்தபோது திருத்தம் −5.8 விழுக்காடாகச் சுருங்கியது. விலகலும் ஏறத்தாழ 2 திட்டவிலக்கமாகக் குறைந்தது. தரவில் ஒரு நிகழ்வுகூட மாறவில்லை, திருத்தம் மட்டுமே மாறியது என்பதை நான் எப்போதும் வியப்போடு நினைத்துப் பார்க்கிறேன். செர்னின் என்ஏ62 சோதனை அதே எல்லைக்குள் 5.86 என அளந்து, இந்தப் புதிய திருத்தத்துடன் 6.22 என்ற மதிப்பை எட்டியிருக்கிறது.

இந்த −5.8 என்ற எண்ணை ஃபோட்டோஸ் தராது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் உமிழும் மென் ஃபோட்டான்களின் வடிவத்தை அது நன்றாகவே தரும். ஆனால் மெய்நிகர் ஃபோட்டான்களால் வரும் திருத்தத்தைப் பயனர்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். டாலிட்ஸ் சிதைவும் அப்படியே. நடுநிலை பையான்களில் ஏறத்தாழ 1.17 விழுக்காடு எலெக்ட்ரான்-பாசிட்ரான் இணையாகவும் ஃபோட்டானாகவும் சிதைகின்றன. அவற்றின் வால்பகுதி இதே இறுதி நிலையில்தான் வந்து முடிகிறது. அந்த ஃபோட்டான் எலெக்ட்ரானிடமிருந்து எழுவதன்று என்பதால், அதற்குத் தனி உருவாக்கியும் (நிகழ்வுகளை உண்டாக்கும் நிரலும்) தனித் திருத்தமும் தேவை.

மின்னேற்ற பையான் எலெக்ட்ரானாகவும் நியூட்ரினோவாகவும் சிதைவதிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கு மியூவான் வழியோடு ஒப்பிட்ட விகிதம் கதிர்வீச்சுத் திருத்தத்தால் சுமார் 3.7 விழுக்காடு குறைகிறது. அந்தக் குறைவு கோட்பாட்டுக் கணக்கிலிருந்து வர வேண்டியது.

ஏற்புத்திறனை (நிகழ்வுகளில் உணரி பிடிக்கும் பங்கை) கணிக்கவும் பின்னணியை (வேறு சிதைவுகளின் கலப்பை) மதிப்பிடவும் ஃபோட்டோஸைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒரு விழுக்காட்டுத் துல்லியத்தில் கிளை விகிதத்தை (மொத்தச் சிதைவுகளில் ஒரு வழியின் பங்கை) வெளியிட விரும்புபவர், முழு அணி உறுப்பில் (சிதைவின் நிகழ்தகவைத் தரும் முழுக் கோட்பாட்டுக் கோவையில்) எழுதப்பட்ட உருவாக்கியோடு முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஃபோட்டான் ஆற்றலின் கீழ்வரம்பைத் தம் உணரியின் பகுதிறனுக்குக் கீழே வைத்திருக்கிறாரா என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.