நான்கு ஆண்டு ஓட்டிப் பார்த்ததில்: இணையத்துக்கு மாறிய அப்ரண்டிஸ் பொறியியல் பட்டம்

2020 மார்ச் 23 அன்று பிரிட்டனில் ஊரடங்கு அறிவித்தார்கள். அதற்குச் சில நாள் முன்பே எங்கள் வகுப்புகள் இணையத்துக்குப் போய்விட்டன. நான் இங்கிலாந்தில் டிகிரி அப்ரண்டிஸ்களுக்கு, அதாவது வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பவர்களுக்கு, இயந்திரப் பொறியியல் நடத்துகிறேன். அவசரத்தில் கட்டிய கொட்டகையில் நான்கு ஆண்டு குடியிருந்தாயிற்று. எது நின்றது, எது ஒழுகியது என்று சொல்லலாம்.

இவர்கள் வழக்கமான கல்லூரி மாணவர்கள் இல்லை. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், கல்விக் கட்டணம் அவர்கள் தலையில் விழாது. வேலை நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எங்களிடம் அது வாரத்தில் ஒரு நாள். ஊரடங்கு வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிளந்தது. சிலர் ஃபர்லோவில் வீட்டில் இருந்தார்கள்: மாதம் 2,500 பவுண்டு வரம்புக்குள் சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசு கொடுத்தது, வேலை செய்யக் கூடாது, படிக்கலாம். உணவு ஆலைகளில் பராமரிப்புப் பார்த்தவர்களுக்கோ ஷிஃப்ட் கூடிப்போனது. இரவு வேலை முடித்துக் கண் சொருக உட்கார்ந்திருப்பவரிடம் காலை ஒன்பது மணிக்கு வெப்பஇயக்கவியல் நடத்தினேன். நேரலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று இரண்டு வாரம் பிடிவாதம் வேறு. பிறகுதான் புத்தி வந்தது. பாடம் முழுவதும் 15 நிமிடப் பதிவுகளாக மாறியது. நேரலை, கணக்கு போடவும் சந்தேகம் கேட்கவும் மட்டும். இந்த ஏற்பாடு இன்றும் அப்படியே இருக்கிறது.

இணைய வேகம்தான் பிரச்சினையாகும் என்று நினைத்திருந்தேன். நிறுவனம் கொடுத்த லேப்டாப்தான் உண்மையான தலைவலி. எந்த மென்பொருளையும் நிறுவ அனுமதி கிடையாது. சிலருக்கு வீடியோ அழைப்பே திறக்காது. நிறுவனங்களின் ஐடி பிரிவுகளுக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. கடைசியில் பிரவுசரிலேயே ஓடுகிறவற்றுக்குத் தாவினோம்: கணக்கீட்டுக்கு மேட்லேப் ஆன்லைன், இயந்திரப் பாகங்களை வரைய ஆன்ஷேப். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஆய்வகம் தனிக் கதை. உலோகத் துண்டை இழுத்துப் பார்க்கும் இழுவிசைச் சோதனையை வீடியோ எடுத்து, விசை-நீட்சி எண்களையும் அனுப்பினேன். எல்லோரும் ஒரே மாதிரி, குறையே இல்லாத அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த முறை, மாதிரித் துண்டு பிடியில் வழுக்கிப்போன ஒரு சோதனையின் எண்களை ஒன்றும் சொல்லாமல் அனுப்பினேன். அப்போதுதான் கேள்விகள் வந்தன.

இன்னொன்று எஃகு அளவுகோல். மேசை விளிம்பில் நீட்டி அழுத்திப் பிடித்து, நுனியைச் சுண்டி, வினாடிக்கு 240 படம் எடுக்கும் போன் கேமராவில் அதிர்வை எண்ண வேண்டும். நீட்டத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் நான்கு மடங்காக வேண்டும். பலருக்கு நான்கு வரவில்லை, குறைவாகவே வந்தது. ஒருவர் மட்டும் ஏறக்குறைய நான்கைத் தொட்டார். விசாரித்தால், தொழிற்சாலையில் இருந்த வைஸில் (பொருளை அசையாமல் பிடிக்கும் இரும்புப் பிடி) இறுக்கிச் செய்திருக்கிறார்! வீட்டு மேசையில் கையால் அழுத்தினால் பிடிமானம் ஆடும். சமன்பாட்டில் நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் "நிலையான முனை" அங்கே இல்லை. கரும்பலகையில் பத்து வருடம் நடத்தியும் எல்லை நிபந்தனை, அதாவது முனை எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது, இவ்வளவு தெளிவாக யாருக்கும் புரிந்ததில்லை. ஆய்வகம் மூடிக் கிடக்கிறதே என்று நான் புலம்பிய அதே நாட்களில், அவர்களில் பாதிப் பேர் என் ஆய்வகத்தைவிட நல்ல கருவிகளுக்கு நடுவே நின்றிருந்தார்கள்.

ஒழுகியது எது? இணைய வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் குழு அறைகள். கேமரா அணைத்த கறுப்புக் கட்டங்களாக ஐந்து பேர் உட்கார்ந்திருப்பதைக் குழு வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பு கேன்டீனில் விமான உதிரிபாகம் செய்பவரும் பம்ப் பழுது பார்ப்பவரும் ஒரே மேசையில் தங்கள் மேற்பார்வையாளர்களைத் திட்டிக்கொண்டே பேரிங் தேய்மானம் பேசுவார்கள். அந்தப் பேச்சு திரும்ப வருமா என்று வகுப்புக்குக் கால் மணி முன்பே அழைப்பைத் திறந்து வைத்துப் பார்த்தேன். ஈ, காக்கை வரவில்லை.

இப்போது கணிதமும் கோட்பாடும் இணையத்தில். ஆய்வகத்துக்கும் குழுத் திட்டத்துக்கும் நேரில் வர வேண்டும். அளவுகோலை மட்டும் விடவில்லை. ஒரு முறை வீட்டு மேசையில், ஒரு முறை வேலையிடத்து வைஸில், நீட்டத்தோடு அதிர்வெண் மாறுவதைக் காட்டும் இரண்டு வளைகோடும் ஒரே வரைபடத்தில் வர வேண்டும்.