'மூன்றே நாளில் கை வெடிப்பு ஆறும்' என்று விற்கும் களிம்பை வாங்கும் முன்

சிமெண்ட், டைல்ஸ், தச்சு, வெல்டிங், மெக்கானிக் என்று கையால் வேலை செய்கிறவர்களைக் குறிவைத்து மூலிகைக் களிம்பு என்ற பெயரில் ஒன்றை விற்கிறார்கள். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, பச்சை மூடி, மேலே இலை படம். எப்பேர்ப்பட்ட கை வெடிப்பும் மூன்றே நாளில் ஆறிவிடும் என்கிறார்கள். ஆறவும் செய்கிறது. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். கட்டைவிரல் ஓரத்திலும் விரல் நுனிகளிலும் கோடு கோடாகப் பிளந்திருக்கும். டைல்ஸ் இடைவெளியில் கிரவுட் என்ற கலவையைப் பூசிவிட்டு ஈர ஸ்பாஞ்சால் துடைக்கும்போது அந்தப் பிளவுக்குள் தண்ணீர் இறங்கினால் உயிர் போகும். சட்டைப் பொத்தான் போடுவதே பெரும்பாடு. போனில் விரல் வைத்தால், ரேகை தேய்ந்துபோய் அதுவும் திறக்காது. கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன்தான் அந்த விற்பனையாளரின் எண்ணைக் கொடுத்தான்.

போனில் அந்த ஆள் நன்றாகப் பேசினார். "கெமிக்கலே கிடையாது அண்ணே, குழந்தைக்குக்கூடப் போடலாம்." உள்ளே என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "அது பரம்பரை ரகசியம், வெளியே சொல்லக் கூடாது." டப்பா வந்தது. அதில் சேர்மானப் பட்டியல் இல்லை. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், முகவரி எதுவும் இல்லை. போன் எண் மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தது.

போட்டதும் அரிப்பு நின்றது. சிவப்பு வடிந்தது, வெடிப்புகள் மூடிக்கொண்டன. சைட்டில் இருந்த எல்லோரும் என் கையைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு டப்பா வாங்கினார்கள். அப்புறம் மெதுவாக வேறு கதை தொடங்கியது. புறங்கைத் தோல் எண்ணெய்த் தாள் மாதிரி மினுமினுத்தது, சுருக்கங்கள் மெலிந்தன, நரம்புகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. வெட்டிய டைலின் விளிம்பு லேசாக உரசினால் போதும், ரத்தம் வந்தது. முன்பெல்லாம் அந்த உரசலை நான் கவனித்ததுகூட இல்லை. களிம்பை ஒரு நாள் விட்டால் கை முழுக்கக் காந்தும், பழைய அரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மறுபடி தடவினால் அடங்கும்.

விற்றவரிடம் சொன்னேன். "உள்ளே இருக்கிற கழிவு வெளியே வருது அண்ணே, நல்ல அறிகுறிதான். விடாமல் போடுங்க, பெரிய டப்பாவாக வாங்கிக்குங்க" என்றார். இந்தப் பதிலை எங்கே கேட்டாலும் உஷாராகிவிடுங்கள். மருந்து வேலை செய்தால் மருந்தின் பெருமை, கெடுதல் செய்தால் உடம்பின் கழிவு. எந்தப் பக்கம் விழுந்தாலும் விற்றவருக்குத்தான் ஜெயம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தோல் மருத்துவர் கையைப் பார்த்ததுமே, "என்ன தடவுகிறீர்கள்?" என்றுதான் கேட்டார். டப்பாவைக் காட்டினேன். சோதனைக்கூடத்தில் பார்க்காமல் உள்ளே இன்னதுதான் இருக்கிறது என்று எழுதித் தர முடியாது, ஆனால் தோல் இருக்கும் நிலை வீரியமான ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அமுக்கும் மருந்து, போட்ட தோலின் நிலைதான் என்றார். இப்படிப் பெயர் தெரியாத களிம்புகளில் குளோபீட்டசால் மாதிரியான ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்து விற்பது நடக்கிறதாம். தோலில் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை அது. 0.05 சதவீதம்தான் களிம்பில் இருக்கும், அதுவே போதும். மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நாங்களோ வேளா வேளைக்கு அள்ளிப் பூசிக்கொண்டிருந்தோம்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. கைத்தோல் அழற்சிக்கு மருத்துவர் அளவு சொல்லி, நாள் குறித்துக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். மூலிகை என்று பொய் சொல்லி, வரம்பே சொல்லாமல் விற்பதுதான் மோசடி.

இன்னொன்றும் வெளியே வந்தது. என் வலது உள்ளங்கையில் மட்டும் வெள்ளையாகச் செதில் உரிந்தது, இடது கையில் அது இல்லை. வேலை செய்கிற கை அதுதானே என்று நான் நினைத்திருந்தேன். மருத்துவர் காலைக் காட்டச் சொன்னார். இரண்டு பாதங்களிலும் விரலிடுக்கில் அதே செதில். ஒரு பிளேடால் உள்ளங்கைச் செதிலை மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் போட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். அது தோல் செல்லைக் கரைத்துவிடும், பூஞ்சை இருந்தால் இழை இழையாகத் தெரியும். தெரிந்தது. இரண்டு கால், ஒரு கை என்று வருவது பூஞ்சைத் தொற்றின் வழக்கமான சாயல் என்றார். ஸ்டீராய்டு அந்தச் சிவப்பையும் அரிப்பையும் அமுக்கி வைத்ததே தவிர, அடியில் பூஞ்சை நிம்மதியாகப் பரவிக்கொண்டிருந்தது. எண்ணைக் கொடுத்த தம்பிக்கு இன்னும் மோசம். அவனுடைய படர்தாமரை கையிலிருந்து முழங்கை வரை ஏறி, வட்ட வடிவமே கலைந்துபோய், பார்ப்பவர்களுக்கு என்னவென்றே புரியாத நிலைக்கு வந்துவிட்டது.

மருந்துக் கடைக்காரர்களும் இதில் சுத்தம் இல்லை. கையைக்கூடப் பார்க்காமல் "அரிப்பா? இந்தாங்க" என்று ஒரு ட்யூபை நீட்டுவார்கள். பின்னால் பொடி எழுத்தில் படித்தால் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாகக் கிடக்கும்.

சரி, கை ஏன் வெடிக்கிறது? ஈர சிமெண்ட் கடும் காரம், காரமா அமிலமா என்று காட்டும் பிஎச் அளவில் 12, 13 வரை போகும். தோலின் மேற்பரப்போ லேசான அமிலம், 5ஐ ஒட்டி. தோல் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைப்பது. சிமெண்டும் தின்னரும் துணி சோப்பும் முதலில் அதைத்தான் வழித்து எடுக்கின்றன. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது, போனது திரும்பி வர நாளாகும். காய்ந்து விறைத்த தோல் மடங்குகிற இடத்தில் பிளக்கிறது. சிமெண்டில் குரோமியமும் உண்டு. சிலருக்கு அது அலர்ஜியாகவே மாறிவிடும், ஒருமுறை வந்தால் பெரும்பாலும் லேசில் விடாது. அலர்ஜியா இல்லையா என்று பேட்ச் டெஸ்ட் போட்டுத்தான் சொல்ல முடியும். முதுகில் ஒட்டுகள் வைத்து 2 நாள் கழித்து எடுப்பார்கள், 4ஆம் நாளை ஒட்டி மறுபடி பார்ப்பார்கள்.

மருத்துவர் எனக்குத் தந்த பூஞ்சை மருந்தைத் தவிர, மற்றதெல்லாம் சாதாரணச் சமாச்சாரம். வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி. கை கழுவி ஒற்றித் துடைத்த கையோடு, ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன் தடவ வேண்டும். ராத்திரி கெட்டியாகப் பூசிப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். ஓரங்களில் தோல் தடித்துக் கிடந்தால் 10 சதவீத யூரியா க்ரீம் அதை இளக்கும். ஆனால் வாய் திறந்த வெடிப்பில் யூரியா பட்டால் கண்ணில் நீர் வரும், அது மூடும்வரை ஜெல்லி மட்டும் போதும். பெயிண்ட்டைத் தின்னரால் கழுவுவது, மண்ணெண்ணெயில் கை முக்குவது, சலவைத் தூளை உள்ளங்கையில் கொட்டித் தேய்ப்பது, இதெல்லாம் நிற்காமல் எந்தக் களிம்பும் உதவாது. இந்த வழியில் மூன்று நாளில் எதுவும் நடக்காது. வாரக்கணக்கில் ஆகும், மினுமினுப்பும் வராது.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. உள்ளே கலவை புகுந்துவிட்டால் கையுறை போடாததைவிடக் கெடுதல். காரம் தோலோடு ஒட்டி மணிக்கணக்கில் நிற்கும், எரிச்சல் தெரிவதற்குள் வெந்துபோயிருக்கும். உடனே கழற்றி நிறைய தண்ணீரில் கழுவ வேண்டும்.

இப்போது இந்த மாதிரி டப்பா வைத்திருப்பவர்களுக்கு. நிறைய நாளாகப் போட்டு வருகிறீர்கள் என்றால், படித்த வேகத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீரியமான ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் தோல் சிவந்து எரிந்து முன்பைவிட மோசமாகலாம். எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். டப்பாவைத் தூக்கி எறியவும் வேண்டாம். மீதிக் களிம்போடு, பணம் அனுப்பிய ரசீது, அந்த ஆளின் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகார் கொடுக்க அவைதான் ஆதாரம். என்னுடையதைக் கொடுத்தாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. அந்த ஆள் இப்போது வேறு எண்ணிலிருந்து, பச்சைக்குப் பதில் நீல மூடி போட்டு விற்கிறார் என்று தம்பி சொல்கிறான். வாக்கு மாறவில்லை, அதே மூன்று நாள்தான்.