அப்பாவின் நம்பருக்கு வரும் ஓடிபி

வடசென்னையில் ஒன்றும் மாறவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விமான நிலையத்தில் மெட்ரோ ஏறி உட்கார்ந்தால், வண்டி மாறாமல் வடசென்னை டோல்கேட் ஸ்டேஷனில் வந்து இறங்கலாம். அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான், போனில் டிக்கெட் எடுத்தால் அதிலும் 20 சதவீதம் குறையும். 2021 பிப்ரவரியில் இந்தத் தடத்தை வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டினார்கள். அதற்கு முன்னால் "தண்டையார்பேட்டை" என்றாலே டாக்சிக்காரர் முகம் சுருங்கும். "அந்தப் பக்கம் ஒரே கண்டெய்னர் லாரி மேடம், ரிட்டர்ன் சவாரி வேற கிடைக்காது" என்று மேலே ஒரு தொகை கேட்பார். இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தண்டையார்பேட்டை தாண்டி வண்டி சுரங்கத்தைவிட்டு மேலே ஏறியதும், கிழக்கே மொட்டைமாடித் துணிகளுக்கு அப்பால் கடல் தெரிகிறது. பெரிய பெட்டிகள் இருந்தால் மட்டும் காரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸும் அப்படித்தான். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. என் அம்மா கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போக ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு பிங்க் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். கால்மணி நேரம் நின்றாலும் பரவாயில்லையாம். "நிக்கறதுக்குக் காசா கேக்கறாங்க?"

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம். அப்பா போன வருஷம் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு நான் இருக்கும் கத்தாருக்குத் திரும்பிவிட்டதால், பேர் மாற்றும் வேலைகள் எல்லாம் இந்த விடுமுறைக்கென்று தள்ளி வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் எல்லாமே அப்பா பேரில்தான்: கேஸ், கரண்ட், வீட்டு வரி, ரேஷன் கார்டில் தலைவர். அதைவிட முக்கியமாக, எல்லாவற்றிலும் பதிவாகியிருப்பது அப்பாவின் செல் நம்பர்.

டிவி ஸ்டாண்டில் அப்பாவின் பட்டன் போன் எப்போதும் சார்ஜில் கிடக்கிறது. முதலில் அம்மா அதை நினைவுக்காக வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கேஸ்காரர் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிலிண்டரை வாசலில் உருட்டி நிறுத்திவிட்டு, "அய்யா நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லும்மா" என்றார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார். அய்யா இல்லை என்பது கேஸ்காரருக்கும் தெரியும், மாலை வாங்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த நம்பருக்கு அம்மா தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டு வருகிறார். அது ரொம்பச் சரியான காரியம். 90 நாள் சும்மா கிடக்கும் சிம்மை கம்பெனி எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதற்கப்புறம் நம் வீட்டு கேஸுக்கான ஓடிபி எவனோ ஒருவன் போனில் போய் விழும்.

மாற்றுவது என்று இறங்கினால் எங்கே ஆரம்பிப்பது? இறப்புச் சான்றிதழ் சுலபம், மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். கணினி முன்னால் இருந்த தம்பி அம்மாவின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, அம்மாவுக்கு இ-சேவையில முன்னாடியே கணக்கு போட்டிருக்காங்க. அதுலயும் அப்பா நம்பர்தான். ஓடிபி அங்கதான் போகும்." அப்பாவுக்கு யார் வாரிசு என்று கேட்டு விண்ணப்பம் போட, அப்பாவின் போனைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மாள், "எங்கூட்டுக்காரர் போனையும் நான் இப்படித்தான் தூக்கினு திரியறேன்" என்றார்.

அந்தத் தம்பி சொன்ன வரிசை உருப்படியானது, அதனால் இங்கே எழுதுகிறேன். முதலில் அம்மாவுக்கென்று ஒரு போன், ஒரு நம்பர். அடுத்து அவரை நேரில் அழைத்துப்போய், விரல் வைத்து, ஆதாரில் அந்த நம்பரைச் சேர்ப்பது. அதன் பிறகுதான் வங்கி, கேஸ், கரண்ட் எல்லாம். பலர் கேஸில் ஆரம்பித்து, ஆதாரில் நம்பர் இல்லை என்று திரும்பி, அங்கிருந்து வங்கிக்கு ஓடி, கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்களாம். ஒரு கவுன்டரிலும் யாரும் என்னிடம் முகம் கடுக்கவில்லை, டீ வாங்கிக் கொடுங்கள் என்று யாரும் சொல்லவுமில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வேலைக்கு வேறு மாதிரி அலைந்திருப்போம். மனிதர்கள் மாறிவிட்டார்கள், பதிவேடுதான் இன்னும் அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறது.

பென்ஷன் கதை தனி. அப்பா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பி.எஃப். வழியாக அம்மாவுக்கு விதவைப் பென்ஷன் வருகிறது. வருஷத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். பி.எஃப். பென்ஷனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, எந்த மாதத்தில் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருஷம் செல்லும். அதனால் நான் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று தபால்காரரைக் கேட்டோம். அவரே வீட்டுக்கு வந்து எடுக்கிறார்.

சின்னக் கருவியில் அம்மா விரலை வைத்தார். ஏற்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, மறு கை, ஈரத்துணியில் துடைத்து மறுபடியும்... ம்ஹூம். இத்தனை வருஷம் பாத்திரம் தேய்த்து, மீன் உரசிக் கழுவிய கையில் ரேகை எங்கே இருக்கும்? தபால்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "முகத்தை வச்சு எடுத்துக்கலாம்மா" என்று தன் போனைத் திருப்பினார். இந்த வசதி 2021 கடைசியிலிருந்தே இருக்கிறது. ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்.

"யம்மா, நேரா பாருங்க. இப்ப கண்ணைச் சிமிட்டுங்க."

அம்மா இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டார்.

"மூடக்கூடாதும்மா. மூடித் தொறக்கணும்."

"தொறந்துதானே இருந்தேன், நீதானே சிமிட்டச் சொன்னே?"

நாலைந்து தடவைக்குப் பிறகு, மாடியிலிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்மாவுக்கு எதிரே நின்று தானும் சிமிட்டிக் காட்டினான். அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அம்மாவும் சிமிட்ட, பச்சை வட்டம் வந்துவிட்டது. உயிரோடு இருப்பதாக ஒத்துக்கொண்டார்கள். சான்று எண் குறுஞ்செய்தியாக அம்மாவின் புது போனுக்கே வந்தது. ஊரில் நான் பார்த்த சேவைகளில் முதல் மதிப்பெண் அந்தத் தபால்காரருக்குத்தான். செயலி அவருக்குத் தெரியும், வயசானவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதும் தெரியும்.

மெச்ச முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய் வர ஆரம்பித்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வஞ்சிரம் வாங்கப் போனேன். மீன் விற்கும் அம்மாவிடம் க்யூஆர் அட்டை, வெட்டிக் கொடுக்கும் அம்மாவிடம் தனியாக ஒரு அட்டை, காசு வந்ததும் தமிழில் கத்திச் சொல்லும் பெட்டி. கத்தார் நம்பரை வைத்தே யுபிஐ செய்யலாம் என்று 2023-லேயே அனுமதித்துவிட்டார்கள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான நம் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்தால் போதும். ஆனால் எந்த வங்கியில் கணக்கு என்பதைப் பொறுத்தது. என் வங்கி அந்த வசதியை இன்னும் தரவில்லை. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் ஒவ்வொரு முறையும் "விரைவில்" என்கிறார். 500 ரூபாய் நோட்டை நீட்டினேன். "காசா? சில்லறைக்கு நான் எங்க போறது கண்ணு?" என்று அலுத்துக்கொண்டார் அந்த அம்மா. கடைசியில் மிச்சத்துக்குச் சங்கரா அள்ளிப் போட்டார். ஊருக்கு வருமுன் உங்கள் வங்கியிடம் இதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

நான் கிளம்புவதற்குள் வாரிசுச் சான்றிதழ் கையெழுத்தாகி வந்துவிட்டது. கேஸ் அம்மா பேருக்கு மாறிவிட்டது. கரண்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, என் கூடப்பிறந்த தம்பியும் நானும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். வீட்டு வரிதான் பாக்கி. அக்டோபர் 30-ஆம் தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதால், பேர் மாறினாலும் மாறாவிட்டாலும் அம்மா கட்டிவிடப் போகிறார். அதுவரைக்கும் அப்பா போனுக்கு ரீசார்ஜ் செய்வது தம்பியின் பொறுப்பு. இந்த மாதம் செய்துவிட்டான், கேட்டுவிட்டேன்.