நாய் வளர்க்கும் வாடகைதாரர்: சேதத்தை அட்வான்ஸில் கழிப்பதா, அவ்வப்போது சரிசெய்வதா?

சென்னையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் நாய் வளர்க்கும் இரு குடும்பங்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. முதல் குடும்பம் காலி செய்தபோது சேதத்தை அட்வான்ஸில் கழித்தேன். இரண்டாம் குடும்பத்துடன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைச் சேர்ந்தே பார்ப்பது, கண்ட சேதத்தை அவர்கள் செலவில் அப்போதே சரிசெய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்.

கழித்துக்கொள்வதில் வேலை குறைவு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், வாடகைதாரர் தர வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர இடமளிக்கிறது. கதவடியில் நகக்கீறல், கிழிந்த கொசுவலை போன்றவற்றுக்கு அது போதும்.

சிறுநீர் விஷயம் வேறு. எங்கள் தரையில் பதித்த விட்ரிஃபைடு டைல்ஸ் (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட ஓடு) ஈரத்தை அநேகமாக உறிஞ்சாது. ஆனால் டைல்ஸ்களுக்கு இடையே பூசிய சிமெண்ட் உறிஞ்சும். அங்கே தங்கும் சிறுநீர்க் கசடு துடைப்பதால் எளிதில் நீங்காததால், பினாயில் போட்டுத் துடைத்ததும் வாடை போய்விட்டதுபோல் தோன்றி, காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி எழும். முதல் குடும்பம் காலி செய்தது மே மாதம். வாடை வந்தது அக்டோபர் மழையில். அதற்குள் மீதி அட்வான்ஸைக் கொடுத்து முடித்திருந்ததால், சுவரோரத்து டைல்ஸைப் பெயர்த்து மாற்றிய செலவு முழுவதும் என்னுடையதாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த கீறலுக்குப் பணம் பிடித்து அவர்களை வருத்தியதும், பெரிய சேதத்தைக் கவனிக்காமல் விட்டதும் இன்றும் உறுத்துகிறது.

இரண்டாம் குடும்பத்தின் நாய் பால்கனிக் கதவருகே ஒரே இடத்தில் சிறுநீர் கழிப்பதை முதல் முறை பார்த்தபோதே கண்டுகொண்டோம். நொதி கலந்த கழுவுதிரவத்தை ஊற்றி ஊறவிட்டுத் துடைத்து, இடுக்குப் பூச்சைச் சுரண்டி எடுத்து, நீர் உறிஞ்சாத எபாக்ஸி என்ற பிசின் பூச்சை நிரப்பினோம். அரை நாளில் வேலை முடிந்தது. பிளீச்சிங் பவுடரை மட்டும் யாரும் பயன்படுத்த வேண்டாம், அது சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவுடன் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும். அவர்கள் காலி செய்து இரண்டு மழைக்காலம் கடந்தும் வாடை எழவில்லை.

என் அனுபவம் இரண்டு நாய்களோடும் டைல்ஸ் தரையோடும் நின்றுவிடுகிறது; பூனை வளர்ப்போருக்கு இது அப்படியே பொருந்தும் என்று உறுதியளிக்க மாட்டேன். மார்பிள் தரையானால் சிறுநீர் பட்ட இடம் மங்கிவிடும் என்பதால், மூன்று மாத இடைவெளியே அதிகம். எப்படியானாலும், நாள் குறித்து முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வாடகைதாரர் வீட்டுக்குள் போக வேண்டும்.