திரை மினுக்கினால்: டிரைவரை மாற்றவா, செட்டிங்ஸைத் தொடவா?

கணினித் திரை மினுக்கினாலோ நிறம் வெளுத்தாலோ இரண்டு யோசனைகள்தான் பெரும்பாலும் காதில் விழும். கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது திரையில் படம் காட்டும் வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவது ஒன்று. டிரைவரில் கைவைக்காமல் செட்டிங்ஸை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது மற்றொன்று. என் லேப்டாப்பின் திரை மினுக்கத் தொடங்கியபோது நான் எடுத்தது இரண்டாவது வழி. இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான்.

இரண்டுக்கும் செலவில்லை. டிரைவர் வழி சீக்கிரம் முடியும், செட்டிங்ஸுக்குப் பொறுமை வேண்டும். இது எல்லோரும் அறிந்ததே. நான் பார்ப்பது வேறொன்றை: வேலை முடிந்தபின் கோளாறின் காரணம் கையில் சிக்குகிறதா?

டிரைவரை முழுதாக நீக்கும்போது அதற்குள் நீங்கள் மாற்றிவைத்திருந்த செட்டிங்ஸும் பெரும்பாலும் சேர்ந்தே போய்விடும். திரை சரியாகிவிட்டாலும், சரிசெய்தது புது டிரைவரா, பழைய செட்டிங்ஸ் கலைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு எப்போதாவது அதே மினுக்கல் தலைகாட்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செட்டிங்ஸில் அப்படி இல்லை. ஒன்றை மாற்று, பார், பலனில்லையா, பழையபடி வை. ரெசல்யூஷனையோ (திரையின் புள்ளிகளின் எண்ணிக்கை) ரெஃப்ரெஷ் ரேட்டையோ (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது) மாற்றித் திரை கறுத்துப்போனால்கூடப் பயமில்லை. 15 விநாடிக்குள் நாம் சம்மதம் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். என் விஷயத்தில் அகப்பட்டது ‘பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்’. படம் அசையாமல் இருக்கும்போது, மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கடைசி ஃபிரேமையே திரை தன் நினைவிலிருந்து திரும்பத் திரும்பக் காட்டும் வசதி அது. கிராஃபிக்ஸ் மென்பொருளின் பவர் பகுதியில் அதை நிறுத்தினேன், மினுக்கல் அடங்கியது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். காரணம் தெரிந்துவிட்டதால், டிரைவர் புதுப்பித்தபின் அது மறுபடி ஆன் ஆனாலும் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியும்.

எச்டிஎம்ஐ-யில் மாட்டிய மானிட்டரில் கறுப்பு சாம்பலாகத் தெரிவதும் இந்த வகைதான். கணினி 16 முதல் 235 வரையிலான அளவில் நிறத்தை அனுப்ப, மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. அதனால் 16 என்று வரும் கறுப்பு அங்கே சாம்பலாகிவிடுகிறது. கிராஃபிக்ஸ் மென்பொருளில் டைனமிக் ரேஞ்சை, அதாவது இந்த அளவின் வீச்சை, ‘ஃபுல்’ என்று மாற்றினால் போதும். இதற்காக டிரைவரைப் பெயர்த்தெடுப்பது வீண்வேலை.

டிரைவர் வழிக்கும் இடமுண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மற்றவற்றோடு அதுவும் மினுக்கினால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலியின் வேலை. அப்டேட் முடிந்த கையோடு கோளாறு தொடங்கியிருந்தாலும் டிரைவர்தான் முதல் சந்தேகம். அப்போதும் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’ செய்து (முந்தைய டிரைவருக்குத் திரும்பி) பார்த்துவிட்டுத்தான் முழு நீக்கத்துக்குப் போவேன். நீக்குவதாக இருந்தால் அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடில், இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் முந்திக்கொண்டு தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். வெறுமனே திரை கறுத்து நின்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். எதையும் நீக்காமலே டிரைவர் மறுதொடக்கம் ஆகும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் கணினிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. படத்தின் வேகத்துக்கேற்ப மாறும் ரெஃப்ரெஷ் ரேட் வசதியை நிறுத்தினால் சில விஏ (VA) வகை எல்சிடி பேனல்களில் மினுக்கல் தணியும். ஆனால் விளையாட்டின் நடுவே கணினி உறைந்துபோவது போன்ற கோளாறுகளுக்கு என் வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த வழியானாலும், முதலில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறொரு திரையில் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்த கோடுகள் அதில் இல்லையென்றால் கேபிளையும் பேனலையும்தான் முதலில் சோதிக்க வேண்டும். 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸைத் தாண்ட மறுத்தாலும் இணைப்பைப் பாருங்கள்: எச்டிஎம்ஐ 1.4-இன் எல்லையே அதுதான், 60-க்கு 2.0 வேண்டும்.